டயர் வீடும் மேட்டுக் கானும்

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பின் சுவரில் கை வைத்துப் பார்ப்பேன். ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் உட்காருவேன். சாமியைத் தொட்டுக் கும்பிடுகிறேன் என்று சில வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

நம் எஸ்டேட் லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்குக் காரணம் தெரியும். உங்களில் சிலர் திருப்பூரில் இருக்கிறீர்கள். சிலர் மேட்டுப்பாளையத்தில். நமக்கெல்லாம் நரை விழுந்துவிட்டது. எனக்கு எழுதி வழக்கமில்லை. ஐந்தாவதோடு நின்றவள். நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

தேயிலை விழுந்த காலம் அது. விலை விழுந்தது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு விலை தெரியாது. சத்தம் தெரியும். ஃபாக்டரி ஓடுகிற சத்தம் நான் பிறந்ததிலிருந்து காதில் இருந்தது. தூங்கும்போதும் இருந்தது. முதலில் வாரத்தில் சில நாள் அது நின்றது. பிறகு ஓடுகிற நாள் குறைந்தது. பிறகு ஒரேயடியாக நின்றது. அன்றைக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பள்ளத்தில் ஓடை ஓடுவது வீட்டுக்குள் கேட்டது. அதற்கு முன் அது கேட்டதே இல்லை. என் பயம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அப்பா ஃபாக்டரியில் கொழுந்து நசுக்குகிற ரோலர் ஓட்டினவர். உள்ளங்கை எப்போதும் கறுத்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அம்மா கொழுந்து பறித்தாள். வேலை நின்ற பிறகு அப்பாவின் கை மெல்ல வெளுத்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அடுத்து லைன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். எங்கள் வரிசை முதலில். மேல் வரிசைக்குக் கொஞ்சம் தவணை கொடுத்தார்கள். அப்பாவை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, எஸ்டேட்டின் கடைசித் தேயிலைக் காட்டுக்குக் கீழே ஒரு சரிவை எழுதிக் கொடுத்தார்கள். உண்ணிச் செடியும் பாறையுமாகக் கிடந்த இடம். பழைய ஆள், நல்ல ஆள் என்று கொடுத்தார்களாம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த இடத்தில் ஏன் தேயிலை வைக்காமல் விட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாறை இடுக்கில்கூடத் தேயிலை வைக்கிற ஆட்கள் அவர்கள். அந்தத் துண்டைச் சும்மா விட்டிருந்தார்கள். இது இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்போது தோன்ற வேண்டியவர்களுக்குத் தோன்றவில்லை.

வீடு கட்டக் கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் டயர் ஐயா வந்தார்.

அவர் ஊட்டியில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் மரவேலை சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். காக்கி அரைக்கால் சட்டை, கம்பளிக் குல்லா. வீணாய்ப் போனதை வைத்து வீடு கட்டலாம், கரண்டுக் கம்பி வேண்டாம், குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கிற நிலைமையில் இல்லை.

"ஏனுங்க, டயருல ஊடுங்களா?" என்றாள் அம்மா. "பொழுது விடிஞ்சு பாத்தா பள்ளத்துக்கு உருண்டு போயிருக்குமுங்க."

"உருளாதம்மா. உள்ள மண்ணப் போட்டு இடிச்சிட்டா ஒத்த டயர நாலு பேரு சேந்தாலும் தூக்க முடியாது."

"தூக்க வேண்டாமுங்க. நின்னாப் போதும்."

ஐயா சரிவைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையில் ஒரு குச்சி. மண்ணைக் குத்திப் பார்த்தார். பிறகு மேலே தேயிலைக் காட்டைப் பார்த்துக் கேட்டார்.

"மழை பேஞ்சா மேல இருந்து வர்ற தண்ணி எங்க போகும்?"

"மேல கான் இருக்குதுங்க," என்றார் அப்பா. "எங்க அப்பாரு காலத்துல வெட்டுனது. ஒரு சொட்டு இங்க எறங்காதுங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஐயா நம்பினார். நம்பாமல் எப்படி இருப்பார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

கான் என்றால் என்ன என்று என் மகள் கேட்டாள். அதனால் எழுதுகிறேன். தேயிலைக் காட்டில் சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால் அது. மழைத் தண்ணீரை வாங்கி ஓரமாகக் கொண்டுபோய்ப் பாறைப் பள்ளத்தில் தள்ளிவிடும். வருஷம் தவறாமல் மழைக்கு முன் அதில் சேர்ந்த மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். அதற்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள். நாம் கொழுந்துக்காரர்கள், ஃபாக்டரிக்காரர்கள். கான் வெட்டுகிறவர்களை நாம் தூரத்தில் பார்த்ததோடு சரி.

டயர்கள் மேட்டுப்பாளையம் லாரிப் பட்டறைகளில் இருந்து வந்தன. வேண்டாம் என்று கொடுத்தவை. தகரம் ஃபாக்டரிக் கூரையில் இருந்து கழற்றினது. பலகை, கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் இருந்து வந்தது. ஜன்னலுக்குப் பழைய தேயிலைப் பெட்டிகளின் ஒட்டுப் பலகை. முன் சுவர் பாட்டில் சுவர். ஊட்டிக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ரோட்டோரம் போட்ட பாட்டில்கள். அவற்றைப் பொறுக்கிக் கழுவுவது என் வேலையும் தம்பி வேலையும். ஓடைத் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் குத்தும். பச்சைப் பாட்டில் எனக்கு, பழுப்புப் பாட்டில் தம்பிக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

கதவு ஆபீஸ் அறைக் கதவு. நல்ல தேக்கு. அதில் ஒரு தகரப் பலகை அடித்திருந்தது. 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.' அப்பா அதைக் கழற்றவில்லை. பிடுங்கினால் கதவு கெட்டுவிடும் என்றார். கடைசி வரை அது இருந்தது.

சனி, ஞாயிறு கோயம்புத்தூரில் இருந்து காலேஜ் பிள்ளைகள் வருவார்கள். ஐயா கூட்டி வருவார். மற்ற நாளில் நம் லைன் ஆட்கள். சம்பளம் இல்லை. மதியம் ராகிக் களியும் கீரையும். வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று வந்தார்கள்.

முதல் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. எல்லாரும் மண்வெட்டியோடு வந்து வரிசையாக நின்றார்கள். யாரும் தொடங்கவில்லை. ஆண்கள் பீடி பற்ற வைத்தார்கள். பெண்கள் வெற்றிலை போட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

"தொடங்கலாமே," என்றார் ஐயா.

"தொடங்கலாமுங்க," என்றார்கள். அப்படியே நின்றார்கள்.

அப்பாவுக்குப் புரிந்தது. போய்க் கங்காணியைக் கூட்டி வந்தார். கங்காணி அம்மாவின் கொழுந்துக் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். எஸ்டேட் நின்ற பிறகு அவரை மட்டும் காவலுக்கு வைத்திருந்தார்கள். பழைய கறுப்புக் கோட்டு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில். காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டருக்கு அதைத்தான் ஊதுவார். அவர் வந்து நின்றார், ஆட்களைப் பார்த்தார், ஊதினார். பீடிகள் விழுந்தன. மண்வெட்டிகள் எழுந்தன.

கண்ணாடி போட்ட ஒரு காலேஜ் அக்கா சிரித்துவிட்டாள். "விசில் எதுக்குங்க?"

"அது ஊதுனாத்தான் அம்மிணி இவங்க கை நகரும்," என்றார் கங்காணி.

"ஊதலீன்னா நாங்க மரமுங்க," என்றாள் லைன்காரப் பெண் ஒருத்தி.

"கூலியில்லாத வேலைக்கு ஊதறதுக்கு ஒரு ஆளு," என்றாள் இன்னொருத்தி.

"நானும் கூலியில்லாமத்தான் ஊதறேன். குனிஞ்சு வேலையப் பாரு. இல்லாட்டி பேர வெட்டிருவேன்."

"எந்த நோட்டுல எழுதி வெச்சிருக்கீங்க, வெட்டறதுக்கு?" என்றாள் அவள்.

எல்லாரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். அதிலிருந்து தினமும் ஊதினார். டீக்கு ஊதினார், சாப்பாட்டுக்கு ஊதினார். காலேஜ் பிள்ளைகளும் விசிலுக்குக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். இதை நான் இப்போது சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

சரிவைக் குடைந்து மண்ணை வெளியே தள்ளினார்கள். மலை அறுத்த இடம் செக்கச் செவேல் என்று நின்றது. அதை ஒட்டி டயர்களை அடுக்கினார்கள். ஒவ்வொரு டயருக்குள்ளும் மண்ணைப் போட்டுச் சம்மட்டியால் இடித்தார்கள். திம் திம் என்று சத்தம் மலைக்குள் போகும். எனக்கு வயிற்றில் கேட்கும். நான் அந்தச் செம்மண் சுவரைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போவேன். அதன் உச்சியில் புல் வேர்கள் தொங்கின. காற்றில்லாத நேரத்திலும் சிறு மண்கட்டி உதிரும்.

பாட்டில் சுவர் எழும்பியதும் இன்னொரு பயம் வந்தது. காற்று அடித்தால் பாட்டில்கள் ஊளையிட்டன. பூச்சு காயாத இடங்களில் வாய் திறந்திருந்தது. சாயங்காலம் மஞ்சு ஏறி வரும்போது அது தொடங்கும். யாரோ மூக்கால் அழுவது மாதிரி.

"அது காத்து கண்ணு," என்றார் அப்பா. "வேற ஒண்ணுமில்லை."

தம்பி அதே மாதிரி ஊளையிட்டுக் காட்டுவான். அவனுக்குப் பயம் கிடையாது. அவன் பங்குக்கும் நான் பயந்தேன்.

ஒரு நாள் சுள்ளி பொறுக்க மேலே போனேன். கவ்வாத்துப் பண்ணி வெட்டிப் போட்ட பழைய குச்சிகள் தேயிலைக் காட்டில் கிடக்கும். எல்லைக் கல்லைத் தாண்டிப் போனால் கான். அதைத் தாண்டக் குதிக்க வேண்டும். என் இடுப்பளவு ஆழம். நான் குதிக்கத் தயாராகப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு போனேன். குதிக்க ஒன்றும் இல்லை. கான் இருந்த இடத்தில் மண் நிரம்பித் தரையோடு தரையாக இருந்தது. மேலே பெரணி முளைத்திருந்தது. அதன் மேல் நடந்து போனேன். கால் கொஞ்சம் புதைந்தது.

அங்கிருந்து கீழே பார்த்தேன். நேர் கீழே எங்கள் வீட்டுத் தகரம்.

சுள்ளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"அப்பா, மேல கான் மூடிக் கெடக்குது."

"அது எஸ்டேட்டுக் கான். அவங்க வெட்டுவாங்க."

"யாரு வெட்டுவாங்க?"

"கான் வெட்டற ஆளுக."

"அவங்கதான் மொதல்லயே ஊருக்குப் போயிட்டாங்களே."

அப்பா சம்மட்டியைக் கீழே வைத்தார். பிடியில் ஒட்டின மண்ணைத் துடைத்தார். பிறகு சொன்னார். "ஆர்டர் வந்தா ஆளு வரும். நீ போயி பாட்டல கழுவு."

கங்காணியிடம் போனேன். அவர் எல்லைக் கல்லைக் காட்டினார். வெள்ளையடித்த கல்.

"இந்தப் பக்கம் உன்ற அப்பன் ராஜா. என்ன வேணாலும் வெட்டலாம். அந்தப் பக்கம் ஒரு புல்லுப் புடுங்குனாலும் என்ற சோறு போயிரும். மண்ணு எஸ்டேட்டு மண்ணு."

"தண்ணி வந்தா?"

"வராது போ."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கல்லைப் பார்த்துச் சொன்னார்.

நம் ஆட்களின் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கையில் மண்வெட்டி. வேலை இல்லை. கூப்பிடுகிற தூரத்தில் கான். ஒரு காலை வேலை. ஒருவரும் கல்லைத் தாண்டவில்லை. சோம்பல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொல்லாத வேலையைச் செய்தால் தண்டனை என்று மூன்று தலைமுறை பழகினவர்கள். எஸ்டேட் செத்துப் போனது எல்லாருக்கும் தெரியும். அதன் உத்தரவு சாகவில்லை.

தீபாவளிக்கு முன் குடி போனோம். லைன் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். டயர் ஐயா கூரை மேல் ஒரு சோலார் தட்டு வைத்துக் கார் பேட்டரியோடு இணைத்துக் கொடுத்தார். ஒரு பல்பு எரிந்தது. கூரைத் தண்ணீர் மூங்கில் வழியாக நீல டிரம்முக்கு வந்தது. பின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். அடுக்கின டயர்கள் வெள்ளை வெள்ளையாகப் பெரிய வடை மாதிரி தெரிந்தன. தம்பி நக்கிப் பார்த்து அடி வாங்கினான்.

முதல் மழை பெய்ததும் வீடு முழுக்கத் தேயிலை மணந்தது. பலகைகள் ஈரம் குடித்து, உள்ளே ஊறிக் கிடந்ததை எல்லாம் வெளியே விட்டன. வாட்டின கொழுந்து வாசனை. அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து மூச்சை இழுத்தாள்.

"ஃபாக்டரி ஓடற மாதிரியே இருக்குது," என்றாள்.

அப்பா வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு மழையும் தேயிலை வாசனையும் பயமும் ஒன்றாகிவிட்டன. இன்றைக்கும் மழை நாளில் டீ குடிக்க மாட்டேன்.

மழை விடவில்லை. சூரியன் இல்லாமல் பல்பு மங்கிச் சிவந்து நின்றுபோனது. கதவு இறுகியது. மரம் ஊதுது என்றார் அப்பா. டயர் சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. சுவர் வேர்க்குது என்றார். ஐயாவே சொல்லியிருக்கிறார், இந்தச் சுவர் மூச்சு விடும் என்று. எனக்குத் தெரிந்த எல்லா அடையாளத்துக்கும் பெரியவர்களிடம் ஒரு பதில் இருந்தது. பதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சுவர்தான் குளிர்ந்துகொண்டே போனது.

அடுப்புச் சூடு பிடித்து முதலில் அந்தச் சுவரோரம்தான் கதகதப்பாக இருந்தது. அம்மா தம்பிக்கு அங்கே பாய் போட்டிருந்தாள். நான் அவனை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் படுத்துக்கொண்டேன். தைரியம் இல்லை. காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றுதான். உள்ளே ஏதோ மெல்ல மெல்ல விழுங்குகிற சத்தம்.

ஒரு நாள் விடிந்ததும் சுவரில் ஒரு கை பதிந்திருப்பதைப் பார்த்தேன். ஈரச் சுண்ணாம்பில் விரல்கள் விரிந்து தெரிந்தன. என் உயரத்துக்கு மேலே. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. அப்பாவின் கை. நாங்கள் தூங்கின பிறகோ எழுவதற்கு முன்போ, அவர் சுவர் நெடுக அமுக்கிப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். அப்போது எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. பயப்பட வேண்டாம் என்று சொன்னவரே பயப்படுகிறார் என்றால் யாரிடம் போவது.

அந்த நாள் வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பா அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அரவேணு கடைவீதிக்குப் போயிருந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல். கண் திறக்க முடியாமல் கம்பளிக்குள் கிடந்தாள். நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, செவுரு ஒண்ணுக்குப் போகுது," என்றான் தம்பி.

திரும்பினேன். இரண்டு டயருக்கு நடுவில் இருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. வேர்வை இல்லை. விரல் கனம். பழுப்பாக இருந்தது. அதற்கு மேலே சுண்ணாம்பில் ஒரு கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டில் சுவரில் டிக் என்று ஒரு பாட்டில் கீறியது. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"அம்மா, எந்திரி. வெளிய போலாம்."

அம்மா எழப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. "நீயும் தம்பியும் போங்க," என்றாள். "போயி யாரையாச்சும் கூப்புடு." அம்மா அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

தம்பியை டிரம் பக்கத்தில் பாறை மேல் நிறுத்தினேன். அசைந்தால் கொன்றுவிடுவேன் என்றேன். மேலே ஓடினேன்.

கங்காணியின் காவல் கொட்டகை எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், பாறைப் பள்ளத்து ஓரத்தில். அவர் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து எல்லைக் கல்லோரம் நின்றிருந்தார். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கான் இருந்த இடத்தில் குளம் மாதிரித் தண்ணீர் தேங்கி நின்றது. மழைத் துளிகள் அதில் குதித்தன. அதற்குக் கீழே, எங்கள் வீட்டுப் பக்கம், பூமி கீறியிருந்தது. என் கை உள்ளே போகும்.

"அம்மாவால எந்திரிக்க முடியலைங்க," என்றேன். "செவுத்துல தண்ணி வருது."

அவர் கையில் மண்வெட்டி இருந்தது. ஒரு கால் கல்லின் மேல் இருந்தது. முகத்தில் மழை ஓடியது.

"ஆர்டர் இல்லியே," என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. மறுபடியும் சொன்னார். பயந்துபோன ஒரு பெரிய ஆளின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அப்போதுதான். தண்ணீருக்குப் பயந்தார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தண்ணீருக்கு இல்லை.

நான் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே ஒரு பாட்டில் உடைந்த சத்தம் கேட்டது. அவர் விசிலை எடுத்தார். ஊதினார். உள்ளே தண்ணீர் போயிருந்தது. கொர் என்றது. உதறிவிட்டு மறுபடி ஊதினார். இந்த முறை மலை முழுக்கக் கேட்டது.

மேல் வரிசை லைனில் கதவுகள் திறந்தன. கொட்டுகிற மழையில், வேலையே இல்லாத காலத்தில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பாதையைச் சுற்றிக் கல்லுக்கு எங்கள் பக்கம் வந்து வரிசையாக நின்றார்கள்.

"கான் வெட்டு," என்றார் கங்காணி. "தண்ணியப் பாறைப் பள்ளத்துக்குத் திருப்பு."

அவர்கள் கல்லைப் பார்த்தார்கள். எந்த நோட்டு என்று அன்றைக்குக் கேட்ட அதே பெண்தான் வாயைத் திறந்தாள்.

"ஆர்டருங்களா?"

"ஆர்டர்தான்."

"யாரு ஆர்டருங்க?"

"நாந்தான ஊதுனேன்?"

அவள் கல்லைத் தாண்டினாள். பிறகு எல்லாரும் தாண்டினார்கள்.

நாலைந்து பேர் என்னோடு கீழே ஓடி வந்தார்கள். இறுகின கதவை உதைத்துக் கழற்றி, அதிலேயே அம்மாவைக் கிடத்தித் தூக்கினார்கள். அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது என்ற பலகை அம்மாவின் தலைமாட்டில் இருந்தது. தம்பி பாறை மேல் சொன்ன இடத்திலேயே நின்றான். உதடு நீலமாகிவிட்டது. அசையவில்லை.

மேலே மண் வெட்டுகிற சத்தம். பிறகு ஒரு பெரிய சத்தம். ஃபாக்டரி திரும்ப ஓடுகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். தேங்கின தண்ணீர் பாறைப் பள்ளத்தில் விழுந்த சத்தம் அது. போகிற போக்கில் கங்காணியின் கொட்டகையையும், அதைச் சுற்றி அவர் போட்டிருந்த பீன்ஸ் கொடியையும் எடுத்துக்கொண்டு போனது.

அப்பா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பாதையில் மண்ணெண்ணெய் டின்னைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வீடு நின்றது. பின் சுவரில் ஒரு வரிசை டயர் வயிறு மாதிரி உள்ளே தள்ளியிருந்தது. பாட்டில் சுவர் பாதி போய்விட்டது. பச்சைக் கண்ணாடி சேற்றில் மின்னியது. அப்பா என் தலையில் கை வைத்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கல்லைத் தாண்டினார்.

ஞாயிற்றுக்கிழமை டயர் ஐயா வந்து பார்த்தார். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் மேல ஏறிப் பாத்திருக்கணும்," என்றார்.

"கான் இருக்குதுன்னு சொன்னது நாங்கதானுங்க," என்றார் அப்பா.

கண்ணாடி போட்ட காலேஜ் அக்கா உடைந்த பாட்டில்களைப் பொறுக்கத் தொடங்கினாள். அன்றைக்கு யாரும் விசிலுக்குக் காத்திருக்கவில்லை. ஊதவும் ஆள் இல்லை.

கங்காணியை ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எஸ்டேட் மண்ணை வெட்டச் சொன்னது யார் என்று கேட்டார்களாம். நாந்தானுங்க என்றாராம். வேலை போனது. விசில் எஸ்டேட்டுச் சொத்து, வைத்துவிட்டுப் போ என்றார்களாம். அவர் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வந்தார்.

திருப்பூரில் மகனிடம் போவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. அம்மா டீ போட்டாள்.

"கங்காணி, எங்களாலதான..." என்று அம்மா தொடங்கினாள்.

"கழுத்து லேசா இருக்குது தாயி," என்றார் அவர். "கயிறு அறுத்த எடம் ஒண்ணுதான் அரிக்குது."

உட்காருவதற்கு முன் அவர் நேரே பின் சுவருக்குப் போனார். டயர் மேல் கையை விரித்து வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகுதான் உட்கார்ந்து டீயைக் குடித்தார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. நீங்கள் யாராவது திருப்பூரில் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். அப்பா இல்லை, அம்மா இல்லை. தம்பி கோயம்புத்தூரில் லாரி ஓட்டுகிறான். தேய்ந்த டயரைப் பார்த்தால் எனக்குப் போன் பண்ணிச் சிரிப்பான். பாட்டில் சுவர் இருந்த இடத்தில் செங்கல் வைத்தாயிற்று. கரண்டு பிறகு வந்தது. தள்ளின டயர் தள்ளினபடியே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு அங்குலம் வரவில்லை. தினமும் பார்க்கிறேன்.

எஸ்டேட் கை மாறிவிட்டது. கல்லில் வெள்ளை போய்விட்டது. மழைக்கு முன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போவேன். இப்போது முட்டி வலிக்கிறது, இருந்தாலும் போவேன். கல்லைத் தாண்டிக் கான் கரையில் நிற்பேன். உடனே வெட்ட மாட்டேன். கொஞ்ச நேரம் நிற்பேன். ஊதுகிறவர் இல்லை என்று தெரியும். இருந்தாலும் காது கேட்டுக்கொண்டு நிற்கும்.

பிறகு வெட்டுவேன்.